அறுபதாம் நம்பர் நரம்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஏரிக்கரையைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், இந்தப் பக்கத்து ஆண்களுக்கு வீட்டு வேலையில் இவ்வளவு அக்கறையா என்று மலைத்துப்போவார்கள். நான் சொல்வது எண்பதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவில் அந்தக் கரையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே பனியனை ஒரு மணி நேரம் துவைப்பார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. ஏரியின் மீனை ஒருவர் ஏலத்தில் எடுத்திருந்தார். வேறு யாரும் தூண்டில் போடக் கூடாது. கழியோ தக்கையோ கண்ணில் பட்டால் அவருடைய காவல்காரர் பிடுங்கி முறித்துவிடுவார். அதனால் கழி இல்லாமல் வெறும் தூண்டில் நரம்பைக் கையாலேயே வீசி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு துணிக்குச் சோப்புப் போடுவோம். மீன் இழுத்தால் விரலுக்குத் தெரியும். மிச்ச நரம்பு சோப்பு டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும்.

நான் விருதுநகர்ப் பக்கத்து ஆள். மீன் விஷயத்தில் எனக்குப் பரம்பரை ஞானம் எதுவும் கிடையாது. ஆனால் எதை எடுத்தாலும் அதில் நாலு விதி கண்டுபிடித்து அடுத்தவனுக்குப் பாடம் நடத்தும் கெட்ட பழக்கம் அப்போதே இருந்தது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். சங்கிலி, கம்பிவடம், கொக்கி என்று பாரம் தூக்கும் எதுவும் எங்கள் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். தூக்க வேண்டிய எடையைப் போல இரண்டு மடங்கு ஏற்றி இழுத்துப் பார்ப்போம். தாங்கினால் முத்திரை, அறுந்தால் குப்பை. அறுந்தது எதுவோ அதுதான் குற்றவாளி. அதற்கு மேல் எங்கள் பிரிவில் கேள்வி கிடையாது.

அந்த வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டு வருஷம் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வார்கள். எனக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. முந்தின வாரம்தான் ஒரு கான்ஸ்டபிள் விசாரணைக்கு வந்து, தெருவில் நாலு பேரிடம் என்னைப் பற்றிக் கேட்டுவிட்டு, “கேஸ் கீஸ் ஏதாச்சும் உண்டா?” என்று என்னிடமும் கேட்டுவிட்டுப் போயிருந்தார். இல்லை என்றேன். ஏலக்காரரோ போன மழைக்காலத்தில் தூண்டில் போட்ட ஒருவனை ஸ்டேஷனில் ஒப்படைத்து மீன் திருட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார். என் பெயரில் அப்படி ஒரு வரி ஏறினால் மூட்டை கட்டிக்கொண்டு விருதுநகருக்கே போக வேண்டியதுதான்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போனாய் என்றால் என் மனைவியைக் காட்டுவேன். முதல் பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை என்பதால் தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். தையல் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. “விரால் மீன் ஆக்கிக் குடு, புண்ணு பட்டுனு காயும்” என்று பக்கத்துப் போர்ஷன் அக்கா தினமும் சொன்னாள். சந்தையில் கிடைத்த விரால் எல்லாம் செத்து விறைத்தவை. உயிருள்ளதுதான் ஆகுமாம். இது ஒரு நல்ல காரணம். ஆனால் காரணம் கிடைப்பதற்கு முன்பே, ஏரியின் கோரைப் புதருக்குள் ஒரு பெரிய விரால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிவிட்டுப் போனதை நான் இரண்டு முறை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

என்னோடு துணைக்கு வந்தவன் கள்ளிக்குப்பத்துக்காரன். என் வயதுதான். அவன் அப்பா காலம் வரை அந்த ஏரி பாயும் வயல்களில் கூலி வேலை. வயல்கள் மனைகளான பிறகு அவன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் கம்பெனியில் தினக்கூலியாக இருந்தான். சைக்கிளில் ஒன்றாகப் போய் வந்த பழக்கத்தில் எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மாமே. நரம்பு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்தே போகாது.

அவன் போடுவது முப்பதாம் நம்பர். முடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கடையில் நான் அறுபதாம் நம்பர் கேட்டதும் சிரித்துவிட்டான்.

“இத்த வச்சிகினு மீனு புடிக்கப் போறியா, லாரி இஸ்க்கப் போறியா மாமே?”

“மூணு கிலோ மீன் மச்சான். கோரைக்குள்ள புகுந்தா சும்மா வருமா? அறுந்துச்சுன்னா மீனும் போச்சு, கொக்கியும் போச்சு.”

“போவட்டுமே. வேற மீனு இல்லியா ஏரில? ஒரு மொனைல மீனு கீது, இன்னொரு மொனைல நீ கீறே. நடுவுல நரம்பு அறுந்துச்சுன்னா ரெண்டு பேரும் உங்கவுங்க ஊட்டுக்குப் பூடலாம்.”

அறுந்துபோவதற்காக ஒரு பொருளை வாங்கும் மனிதனை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பியில் இரண்டு நரம்பையும் கட்டி, இரும்பு வாளியில் மணல் அள்ளிப் போட்டுச் சோதனை நடத்தினேன். முப்பதாம் நம்பர் கால் வாளிக்கே படீர் என்றது. அறுபதாம் நம்பர் வாளி நிறைய மணலையும், அதன் மேல் வைத்த இரண்டு செங்கல்லையும் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. நனைத்துப் பார்த்தேன். முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். முடிச்சும் எங்கள் பிரிவு முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர நழுவாது. குழந்தை வாளிச் சத்தத்தில் விழித்து அழுதது. மனைவி உள்ளேயிருந்து, “ஏங்க, மீனைப் பிடிக்கப் போறீங்களா, தூக்குல போடப் போறீங்களா?” என்றாள்.

அடுத்தது நிறம். கடையில் வெள்ளையும் கிளிப்பச்சையும்தான் இருந்தன. நான் ஏரித் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வந்து இரண்டையும் முக்கி, மீன் எப்படிப் பார்க்கும் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

“மீனு பாத்தா போனாப் போவுது மாமே, அதுக்குக் கொக்கில மாட்ற தவளைதான் முக்கியம். கரை மேல நின்னுகினு வாட்ச்மேன் பாப்பான் பாரு, அவன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அத்த யோசி.”

அது உண்மை. கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். வெள்ளை நரம்பு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் காலை வெயில் பட்டுக் கம்பி மாதிரி மின்னியது. மாசி மாதம், கோரையெல்லாம் காய்ந்து பழுப்பாக நின்றது. அதன் முன்னால் கிளிப்பச்சை கூப்பிட்டுக் காட்டியது. தண்ணீரும் பழுப்பு, கோரையும் பழுப்பு. எனவே வெள்ளை நரம்பைக் கொதிக்கும் டீத்தூள் தண்ணீரில் போட்டு, வெங்காயத் தோலும் சேர்த்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வேகவைத்தேன். அருமையான நிறம் வந்தது. பாத்திரத்துக்கும் அதே நிறம் வந்து, அது போகவே இல்லை. மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாயம் ஏறிய நரம்பை மறுபடி வாளியில் கட்டிப் பார்த்தேன். தாங்கியது. மனதுக்குள் முத்திரை குத்தினேன்.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கெல்லாம் கரையில் இருந்தோம். எனக்குக் கோரைப் புதருக்கு எதிரே ஒரு கல், அவனுக்கு இருபதடி தள்ளி இன்னொன்று. தவளையைக் கொக்கியில் மாட்டிப் புதர் ஓரம் வீசினேன். நரம்பு எங்கே விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை, அப்படி மறைந்துவிட்டது. மறுமுனையை வலது கால் கட்டைவிரலில் என் முடிச்சைப் போட்டுக் கட்டினேன். மற்றவர்கள் சும்மா ஒரு வளையம் மாட்டுவார்கள், விரலை மடக்கினால் கழன்றுவிடும். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

அரை மணி நேரம் போயிருக்கும். கரை மேல் செருப்புச் சத்தம் கேட்டது. வரிசை முழுக்கத் துணி துவைக்கும் சத்தம் திடீரென்று கூடியது. காவல்காரர் வழக்கமாகக் கரை மேலேயே நடந்து போய்விடுவார். அன்று இறங்கி வந்தார். கையில் மூங்கில் தடி. ஐம்பது வயதிருக்கும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். என் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

“சாரு எங்க வேலை?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது. ஆவடி, தொழிற்சாலை என்றேன்.

“கவர்மெண்டு ஆளு. ஊட்ல சம்சாரம் இல்லியா, நீயே தோய்ச்சிகினு கீறே?”

“பிள்ளை பெத்துக் கிடக்கா.”

“இன்னா கொயந்தே?”

“பொண்ணு” என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் விரால் தவளையை விழுங்கியது.

முதல் இழுப்பிலேயே கால் ஒரு சாண் முன்னால் போனது. குதிகாலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு பனியனை இரண்டு கையாலும் பிடித்தேன். முடிச்சு இறுகியது. அது இறுகும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. இரண்டாவது இழுப்பில் தோல் கிழிந்ததை உணர்ந்தேன். வலி முழங்கால் வரை ஏறியது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று புரியவில்லை.

“பொண்ணா? நல்லது. எனுக்கும் மூணு பொண்ணு” என்று அவர் ஆரம்பித்தார். மூத்தவளை முகப்பேரில் கட்டிக்கொடுத்திருக்கிறாராம், மாப்பிள்ளை பஸ் கண்டக்டராம். நான் தலையாட்டினேன். விரால் புதருக்குள் புகுந்து வேரைச் சுற்றிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு உடம்பை முறுக்கி ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் நரம்பு ஒரு மயிரிழை விரலுக்குள் இறங்கியது. கலங்கல் தண்ணீரில் ரத்தம் தெரியாது என்று நினைத்தேன். சோப்பு நுரை மேல் இளஞ்சிவப்பாக ஏதோ வந்தது. பனியனைப் போட்டு அதைக் கலைத்தேன். அவர் ஒரு நொடி குனிந்து பார்த்தால் போதும். மீன், ரத்தம், நரம்பு, அரசாங்க ஊழியர் எல்லாம் கையும் களவுமாக அங்கேயே இருந்தன. போன வாரம் வந்த கான்ஸ்டபிளின் முகம் வேறு ஞாபகத்துக்கு வந்தது.

முப்பதாம் நம்பராக இருந்திருந்தால் இந்நேரம் மூன்று தடவை அறுந்திருக்கும். மீன் போயிருக்கும், நான் எழுந்து துணியைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். என்னுடையது அறாது. நான் அதற்கு முத்திரை குத்தியிருந்தேன்.

சோப்பு டப்பாவில் பாதி பிளேடு ஒன்று இருந்தது. அந்த வரிசையில் உட்காரும் எல்லோர் டப்பாவிலும் இருக்கும். இதுபோன்ற நேரத்துக்குத்தான் அது. டப்பா என் இடது கைப் பக்கம். சோப்பை எடுப்பது போல எடுத்து, குதிகாலைத் தேய்ப்பது போலக் குனிந்து, ஒரே இழுப்பில் அறுத்துவிடலாம். சோப்போடு சேர்த்துப் பிளேடை எடுத்தும் விட்டேன். விரல்களுக்கு நடுவில் அது இருப்பது தெரிந்தது. கை தண்ணீருக்குள் கணுக்கால் வரை போனது.

அறுக்கவில்லை. அந்த நேரம் மீன் புரண்டது. புதர் ஓரத்தில் அதன் முதுகு தெரிந்தது, என் முன்னங்கை அளவு, கறுப்பாக. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், இவர் பீடி முடிந்ததும் போய்விடுவார் என்று நினைத்தேன். மனைவியை நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். அவளையும் நினைக்கவில்லை, வேலையையும் நினைக்கவில்லை. அந்த மீனைத்தான் நினைத்தேன். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. இருபதடி தள்ளி மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். காவல்காரர் கடைசி இழுப்பு இழுத்துப் பீடியைத் தண்ணீரில் எறிய என் பக்கம் திரும்பினார். அதற்குள் அவன் எழுந்து நின்றான். தன் நரம்பைத் தண்ணீரிலிருந்து உயர்த்தி, கொக்கியும் தவளையும் வெயிலில் ஆட, எல்லோரும் பார்க்கும்படி கையில் சுற்ற ஆரம்பித்தான். அவன் நரம்பு வெள்ளை. நன்றாக மின்னியது.

“டேய்” என்றார் காவல்காரர்.

அவன் ஓடினான். ஓடிய லட்சணத்தைப் பார்த்தால் குழந்தைகூடப் பிடித்துவிடும். நாலடி போய் வழுக்கி விழுந்தான். அவர் போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கி ஒரு அறை விட்டார். இன்னொன்றும் விழுந்தது. கரை மேல் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. வரிசையில் எல்லோரும் தங்கள் தங்கள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முதலில் தோன்றியது வெட்கம் இல்லை, நிம்மதி.

அவர்கள் தலை மறைந்ததும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நரம்பைப் பிடித்து இழுத்தேன். வேரோடு சேர்ந்து விரால் வந்தது. நரம்பில் ஒரு கீறல் கூட இல்லை. விரலில் எலும்பு தெரிந்தது. அப்போது பிளேடை எடுத்து முடிச்சை அறுத்தேன்.

மீனில் பாதியை மனைவிக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டிக் கள்ளிக்குப்பம் போனேன். மீதிப் பாதி என் கையில் இருந்தது. அவன் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். ஏலக்காரரின் கொட்டகை அவன் தெரு முனையில்தான். காலையிலிருந்து அவனை அங்கே முட்டி போட வைத்து, பிறகு ஆகாயத்தாமரை அள்ள வைத்து, சாயங்காலம் விட்டிருக்கிறார்கள். தெருவே பார்த்திருக்கிறது. அவன் மனைவி போய்க் கெஞ்சியிருக்கிறாள். பிடுங்கி வைத்த சைக்கிளை இன்னும் தரவில்லை. இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

“ஸ்டேசனுக்கு அனுப்பல மாமே. நம்பள்ளாம் எந்தக் கணக்கு” என்றான். “உன்னிய அடிக்க முடியுமா? உனுக்குன்னா கேஸ் ஆயிருக்கும். கால காட்டு.”

காட்டினேன். துணியை அவிழ்த்துப் பார்த்து உச்சுக் கொட்டினான். “ஏன் மாமே, டப்பால பிளேடு இல்லியா?”

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. காயத்தைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டான்.

“மறந்துட்டு வந்துட்டேன் மச்சான்.”

“நானும் அத்தான் நெனச்சேன். இருந்திருந்தா அறுத்திருப்பே, எனுக்குத் தெரியாதா? அதான் எழுந்துகினேன்.”

அவன் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் மீனை வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தாள். அவன் விடாமல் என்னையும் உட்கார வைத்தான். கன்னம் வீங்கியிருந்ததால் அவனால் மெல்ல முடியவில்லை, சோற்றில் குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்து விழுங்கினான். துண்டத்தையெல்லாம் என் தட்டில் தள்ளினான். நான் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து வேலை உறுதியான உத்தரவு வந்தது. மனைவியின் தையல் எப்போதோ ஆறியிருந்தது. தெருவில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தோம். முதல் ஆளாக வந்தவன் மச்சான்தான். என்னை விட அவனுக்குத்தான் சந்தோஷம் அதிகம். வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம், வீட்டுக்காரரிடம், என் பிரிவு மேற்பார்வையாளரிடம் கூட. அறையை நடித்துக் காட்டினான், விழுந்ததையும் நடித்துக் காட்டினான். ஒவ்வொரு முறையும் கதையில் பிளேடு வரும் இடத்துக்கு வந்ததும் என் தோளில் கை போட்டு, “பாவம், மாமே டப்பால பிளேடு இல்ல. அதான் நானு எழுந்துகினேன், இல்லியா மாமே?” என்று என் முகத்தைப் பார்ப்பான்.

நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.